ஹேட்ச்பேக்கா, செடானா, எஸ்யூவியா? முதல் கார் வாங்குபவர் ஷோரூமுக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

ஷோரூமுக்குள் நுழைந்தவுடன் விற்பனையாளர் கேட்கும் முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பதுதான். பதில் சொன்ன நிமிடத்திலிருந்து பேச்சு முழுக்க சன்ரூஃப், பெரிய திரை, அலாய் வீல் என்றே போகும். டிக்கியில் என்ன ஏறும், பின்சீட்டில் யார் உட்காருவார்கள், வண்டி ராத்திரி எங்கே நிற்கும் என்பதெல்லாம் டெலிவரி எடுத்த பிறகுதான் தெரியவரும். அந்தக் கேள்விகளுக்கு வீட்டிலேயே விடை எழுதிக்கொண்டு போனால், எந்த வகை வண்டி வேண்டும் என்பது பாதி முடிவாகிவிடும். தமிழ்நாட்டில் பதிவு செய்யப்போகும் குடும்பக் காரை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள கணக்குகள் எல்லாம் போடப்பட்டிருக்கின்றன.

முதல் படி: பெயரை மறந்துவிட்டு நீளத்தைப் பாருங்கள்

டிக்கி பின்னால் தனியாக நீண்டிருந்தால் செடான், கூரையோடு சேர்ந்த பின்கதவு மேலே திறந்தால் ஹேட்ச்பேக், அதே மாதிரிக் கதவோடு உயரமாக நிற்பது எஸ்யூவி. மாருதி டிசையர் செடான், பிரெஸ்ஸா எஸ்யூவி, டாடா நெக்ஸானும் எஸ்யூவிதான். மூன்றின் நீளமும் 3,995 மி.மீ. இது தற்செயல் இல்லை. நான்கு மீட்டருக்கு உட்பட்டு, பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள்ளோ டீசல் என்ஜின் 1,500 சிசிக்குள்ளோ இருந்தால்தான் அரசுக் கணக்கில் அது சிறிய கார். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம். இரண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்த வேண்டும். பிரெஸ்ஸா நான்கு மீட்டருக்குள் இருந்தாலும் அதன் பெட்ரோல் என்ஜின் 1,462 சிசி என்பதால் 40 சதவீதத்தில் வந்துவிடும். 1,199 சிசி பெட்ரோல், 1,497 சிசி டீசல் என்று வரும் நெக்ஸான் 18 சதவீதத்தில் நிற்கும்.

எஸ்யூவி என்று விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை கொண்ட, கொஞ்சம் உயர்த்திய ஹேட்ச்பேக்குகளே. மண் பாதையில் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே உள்ள உயரம், உதவும். சேற்றில் முன்சக்கரம் சுழல ஆரம்பித்தால் ஸ்விஃப்ட் மாதிரி ஹேட்ச்பேக் மாட்டிக்கொள்ளும் இடத்தில் இவையும் மாட்டிக்கொள்ளும். பொலிரோ, ஸ்கார்பியோ என், தார், ஃபார்ச்சூனர் போன்றவை தனி சேஸிஸ் (அடியில் உள்ள இரும்புச் சட்டம்) மேல் உட்கார்ந்த வண்டிகள். தோட்டம், கரடுமுரடான பாதை, பாரம் என்று தினமும் வேலை இருப்பவருக்கு அவை சரி. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஆபீஸ் போய் வருபவருக்கு அந்தக் குலுக்கலும் எடையும் வெறும் செலவு.

இரண்டாம் படி: பார்க்கிங்கை டேப் வைத்து அளந்து பாருங்கள்

அடுக்ககத்தில் ஒரு கார் நிறுத்த ஒதுக்கும் இடம் பொதுவாக 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். இந்த அளவோடு மூன்று வண்டிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வேகன்ஆர் 1,620 மி.மீ. அகலம், பக்கத்துக்கு 44 செ.மீ. மிஞ்சும். ஸ்விஃப்ட் 1,735, பக்கத்துக்கு 38 செ.மீ. நெக்ஸான் 1,804, பக்கத்துக்கு 35 செ.மீ.கூட இல்லை. ஒரு பக்கம் தூண் இருந்தால் மற்றவர்களை வெளியிலேயே இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக ஒட்டி நிறுத்தி, ஓட்டுபவர் மட்டும் நெளிந்து இறங்க வேண்டும். நிறுவனம் தரும் அகல அளவில் பக்கக் கண்ணாடி சேராது என்பதையும் கவனியுங்கள். கண்ணாடி தானாக மடங்கும் வசதி இங்கேதான் காசுக்குப் பயன்படும்.

நீளத்தில் இன்னொரு சிக்கல். கிரெட்டா 4,330 மி.மீ. என்பதால் 5 மீட்டர் இடத்தில் 67 செ.மீ. மிஞ்சுகிறது. இன்னோவா ஹைகிராஸ் 4,755 மி.மீ.; மிஞ்சுவது 24 செ.மீ. பின்னால் சுவர் இருந்தால் டிக்கிக் கதவை மேலே தூக்கவே முடியாது, முதலில் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் மாதிரியான இரட்டை கேபின் பிக்கப்புகள் 5.3 மீட்டர் வரை நீளும். தனி வீட்டு வாசல் இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பிக்கப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு விஷயம். வி-கிராஸை வெள்ளை போர்டில் சொந்த வண்டியாகப் பதியலாம். பொலிரோ பிக்கப் போன்றவை சரக்கு வாகனம். மஞ்சள் போர்டு, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எஃப்.சி., தனி இன்சூரன்ஸ். வாரத்தில் ஒரு நாள் உர மூட்டை ஏற்றுவதற்காக இதை வாங்கி, மீதி நாள் குடும்பத்தோடு போகலாம் என்று திட்டமிடாதீர்கள். பின்பக்கம் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. அதுவுமின்றி ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது.

மூன்றாம் படி: டிக்கியை லிட்டரில் நம்பாதீர்கள்

டிசையரின் டிக்கி 382 லிட்டர். நெக்ஸானுடையதும் 382 லிட்டர். எண் ஒன்று, இடம் வேறு. செடானில் ஆழமும் நீளமும் உண்டு, ஆனால் வாய் சிறியது. பெரிய சூட்கேஸை நிமிர்த்தி வைக்க முடியாது, படுக்கப்போட்டுத் தள்ள வேண்டும். குழந்தைத் தள்ளுவண்டி, வீல்சேர், மிக்ஸி கிரைண்டர் டப்பா மாதிரி உயரமான சாமான் என்றால் எஸ்யூவி, ஹேட்ச்பேக் வகையின் அகலக் கதவுதான் வசதி. மேலே மூடியிருக்கும் பலகைத் தட்டை எடுத்துவிட்டுக் கூரை வரை அடுக்கலாம் என்று தோன்றும். திடீரென்று பிரேக் அடித்தால் அதெல்லாம் பின்சீட்டில் இருப்பவரின் தலைக்கு வரும். சீட் முதுகின் உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஷோரூமில் டிக்கியைத் திறந்ததும் பார்க்க வேண்டியது அதன் விளிம்பு. தரையிலிருந்து விளிம்பு எவ்வளவு உயரம், விளிம்பிலிருந்து உள்தளம் எவ்வளவு பள்ளம்? 26 கிலோ அரிசிச் சிப்பத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, மறுபடி பள்ளத்தில் குனிந்து இறக்கி, வீடு வந்ததும் அதே வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும். முதுகுவலி உள்ள வீட்டில் விளிம்பும் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கும் வண்டியைத் தேடுவது நல்லது. உங்கள் வீட்டின் பெரிய சூட்கேஸைக் கையோடு எடுத்துப்போய் வைத்துப் பார்த்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சிஎன்ஜி வண்டி என்றால் சிலிண்டர் பெரும்பாலும் டிக்கியில்தான் உட்காரும். ஒரே பெரிய சிலிண்டர் வைத்த வண்டிகளில் டிக்கி அநேகமாகக் காலி. ஒரு பை, கொஞ்சம் துணிமணி, அவ்வளவுதான். டாடா இரண்டு சிறிய சிலிண்டரைத் தளத்துக்கு அடியில் படுக்கவைக்கிறது. அதனால் நெக்ஸான் சிஎன்ஜியில் 321 லிட்டர் மிஞ்சுகிறது.

ஏழு சீட்டரில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் டிக்கி 209 லிட்டர். கடைசி வரிசையை மடக்கினால் 550. ரெனோ டிரைபரில் ஏழு சீட்டோடு 84 லிட்டர், கடைசி வரிசையைக் கழற்றினால் 625. அதாவது ஏழு பேரும் ஏழு பேரின் பெட்டியும் ஒன்றாகப் போக முடியாது. பெட்டி கூரைக் கேரியருக்குப் போகும். கூரை தாங்கும் எடை வண்டிக் கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ, கேரியரின் எடையும் அதற்குள்தான். வருடத்துக்கு இரண்டு முறை குலதெய்வம் கோயிலுக்கு ஏழு பேர் போவதற்காக ஏழு சீட்டர் வாங்குவதைவிட, அந்த இரண்டு நாளுக்கு வாடகை வண்டி வைப்பது மலிவு. தாத்தா பாட்டியோடு வாராவாரம் போகும் கூட்டுக் குடும்பத்துக்குக் கணக்கு வேறு, அங்கே எர்டிகா மாதிரி வண்டிக்கு நிகர் இல்லை.

நான்காம் படி: உட்காரப் போகிறவர்களைக் கூட்டிப்போங்கள்

வீட்டில் முழங்கால் வலி உள்ள பெரியவர் இருந்தால் அவரை வைத்துத்தான் வண்டியின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். நின்ற நிலையில் அவருடைய பின்புறத்துக்கு நேராகச் சீட் இருந்தால் அப்படியே நகர்ந்து உட்காரலாம். செடானில் உள்ளே இறங்கி விழ வேண்டும், எழும்போது கைதூக்கிவிட ஆள் வேண்டும். ஸ்கார்பியோ மாதிரி உயர வண்டியில் ஏற வேண்டும்; புடவை கட்டியவர்களுக்கு அது தினசரி அவஸ்தை. வேகன்ஆர், பஞ்ச், பிரெஸ்ஸா உயரம்தான் பலருக்கும் சரியாக அமைகிறது. வேகன்ஆர் இத்தனை வீடுகளில் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பார்க்கக் கம்பீரம் இல்லை என்று ஒதுக்குபவர்கள் ஒருமுறை அம்மாவை உட்காரவைத்துப் பார்க்கட்டும்.

பின்சீட்டைச் சோதிக்கும் முறை: முன்சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றபடி சரிசெய்துவிட்டு அதன் பின்னால் நீங்களே உட்காருங்கள். முழங்காலுக்கும் சீட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடம் வேண்டும். தொடையின் முக்கால் பங்காவது சீட்டில் படிய வேண்டும். இல்லாவிட்டால் சென்னையிலிருந்து திருச்சி போவதற்குள் கால் மரத்துவிடும். பிறகு மூன்று பெரியவர்களை வரிசையாக உட்காரவையுங்கள். நடுவில் இருப்பவருக்குத் தரையில் மேடு இடிக்கிறதா, தலைச்சாய்வு இருக்கிறதா, பின்பக்க ஏசி துவாரம் அவர் முழங்காலில் முட்டுகிறதா என்று பாருங்கள். தோள் அகலம் வண்டியின் வகையைவிட அகலத்தைத்தான் சார்ந்திருக்கும். நெக்ஸானில் மூவர் உட்காருவது ஸ்விஃப்டைவிட எளிது.

எடைக் கணக்கை யாரும் சொல்ல மாட்டார்கள். கையேட்டில் மொத்த எடை என்று ஒன்றும், காலி வண்டி எடை என்று ஒன்றும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். ஏழு பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 455. சாமான் 70 சேர்த்தால் 525. பல வண்டிகளில் இது எல்லையை ஒட்டியோ தாண்டியோ போகும். முழுப் பாரத்துக்கு டயரில் எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவு திறக்கும் இடத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் தனியாக இருக்கும். அதைப் பார்க்காமல் வழக்கமான காற்றோடு மே மாத வெயிலில் நால்வழிச் சாலையில் நூறில் போனால் டயரின் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும்.

ஐந்தாம் படி: பிறகு மாட்ட முடியாததற்கு முதலில் காசு கொடுங்கள்

வசதிகளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். திரை, பின்கேமரா, சீட் கவர், மேட், ஸ்பீக்கர் இவையெல்லாம் வெளியில் பிறகு மாட்டிக்கொள்ளலாம். ஒயரை வெட்டாமல் இணைப்பான் வைத்து மாட்டச் சொல்லுங்கள், வெட்டினால் எலெக்ட்ரிக்கல் வாரண்டி போய்விடும். ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி, குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, பின்கண்ணாடி வைப்பர், உயரம் சரிசெய்யும் ஓட்டுநர் சீட் இவற்றைப் பிறகு சேர்க்கவே முடியாது. இந்த இரண்டாவது பத்தி முழுதாக எந்த வேரியன்ட்டில் (ஒரே மாடலை வசதிக்கு ஏற்பப் பிரித்து விற்கும் படிகளில் ஒன்று) நிறைகிறதோ அதுதான் உங்கள் வேரியன்ட். பல மாடல்களில் அது நடுவில் இருப்பது.

மோதல் சோதனை நட்சத்திரத்தைப் பார்க்கும்போது, 2023 அக்டோபரில் தொடங்கிய, இந்தியாவின் மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் பட்டியலில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மதிப்பெண் இருப்பதைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கு 32க்கும், குழந்தைகளுக்கு 49க்கும் தருகிறார்கள். எந்த வேரியன்ட்டுக்குப் பொருந்தும் என்பதும் அதிலேயே இருக்கும்.

சன்ரூஃப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் வெயிலில் திறக்கும் நாட்கள் குறைவு. அதன் நான்கு மூலையிலிருந்தும் மழைநீர் வடியச் சிறு குழாய் போகிறது. வேப்பமரத்தடியில் நிறுத்தினால் பூவும் சருகும் அதை அடைக்கும். தண்ணீர் உள்கூரை வழியாக இறங்கித் தரைவிரிப்பில் தேங்கி நாற்றமெடுக்கும். சன்ரூஃபுக்காக அடுத்த வேரியன்ட்டுக்கு ஏறுகிற காசில் நல்ல டயர் இரண்டு செட் வரும்.

ஆறாம் படி: என்ஜின், எரிபொருள்

வருட ஓட்டம் 12,000 கி.மீ., பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் 17 கி.மீ. தரும் சிறிய காருக்கு வருடம் சுமார் 71,000 ரூபாய். 12 தரும் பெரிய எஸ்யூவிக்கு 1,01,000. ஐந்து வருடத்தில் வித்தியாசம் ஒன்றரை லட்சம். விளம்பரத்தில் வரும் மைலேஜ் ஆய்வகத்தில் எடுத்தது, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

டீசல்: பெட்ரோலைவிட 1.4 லட்சம் கூடுதல் விலை, கிலோமீட்டருக்கு மிச்சம் இரண்டரை ரூபாய் சொச்சம் என்றால், போட்ட காசு திரும்ப 53,000 கி.மீ. ஓட வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் புகைக் குழாயில் இருக்கும் டிபிஎஃப் வடிகட்டி. சேரும் கரியை எரிக்க அதற்குத் தொடர்ந்து சூடு வேண்டும். தினமும் நாலு கிலோமீட்டர் பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று ஓடும் டீசல் வண்டியில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட வழி இல்லாதவர்களுக்கு டீசல் வேண்டாம்.

பாரத்தோடு மலை ஏறுபவர்கள் டார்க், அதாவது என்ஜினின் இழுவிசை எண்ணைப் பாருங்கள். டிரைபரின் 1.0 லிட்டர் என்ஜின் 96 நியூட்டன் மீட்டர், எர்டிகாவின் 1.5 லிட்டர் சுமார் 137. ஏழு பேர், ஏசி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு என்று வரும்போது டிரைபரில் முதல் கியரைவிட்டு மாற முடியாது. சமவெளியில் நாலு பேரோடு ஓடினால் அதே வண்டி குறை சொல்ல முடியாதது.

ஆட்டோமேட்டிக்கில் மலிவானது ஏஎம்டி. அது சாதாரண கிளட்ச்சைத்தான் இயந்திரம் மூலம் மிதிக்கிறது. பார்க்கிங் சரிவில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைத்தால் கிளட்ச் சீக்கிரம் கருகும். மின்சாரக் காருக்கு ஒரே முன்நிபந்தனை: உங்கள் மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங்கிற்கு லைன் இழுக்கக் குடியிருப்போர் சங்கம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது கிடைக்கும் முன் முன்பணம் கட்டாதீர்கள்.

ஏழாம் படி: ஆன்ரோடு விலையை (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த மொத்தம்) பிரித்துக் கேளுங்கள்

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைத்த ஆயுட்கால வரி, புது காரின் விலைக்கு ஏற்ப ஏறும்: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. படி தாண்டினால் முழு விலைக்கும் புது சதவீதம். 9.90 லட்சம் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10.10 லட்சம் வண்டிக்கு 1,81,800. இருபதாயிரம் ரூபாய் வித்தியாசமுள்ள வேரியன்ட்டுக்கு வரியில் மட்டும் 53,100 கூடுதல். பத்து லட்சம் தாண்டினால் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வாங்கிக் கட்டும் வருமான வரி, வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்துதான் போகும். ஷோரூமுக்குப் போகும் நாளில் வரி விகிதம் மாறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில் மூன்று வருட மூன்றாம் நபர் பாலிசி (உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது) கட்டாயம். 1,000 சிசி வரை 6,521 ரூபாய், 1,500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, ஜிஎஸ்டி தனி. சொந்த வண்டிக்கான காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளியில் ஒரு விலை வாங்கிக்கொண்டு போய்க் காட்டினாலே அவர்கள் விலை இறங்கும். வெள்ளம் வரும் ஊரில் இருப்பவர்கள் என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கையைக் கேட்டு வாங்குங்கள். கிரவுண்ட் கிளியரன்ஸ் 208 மி.மீ. என்றாலும் காற்று இழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் அதைத் தள்ளும் கம்பி வளையும். முழங்கால் தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் சாதாரண பாலிசி அந்தச் செலவைத் தராது.

விலைப்பட்டியலில் கையாளும் கட்டணம், லாஜிஸ்டிக்ஸ், கட்டாய ஆக்சசரி பேக் என்று வரும் தொகைகளை எழுத்தில் நீக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஆன்ரோடு தொகைக்கு மூன்று வண்டியை வரிசையாக எழுதுங்கள்: சிறிய காரின் டாப் என்ட், நடுத்தர காரின் மிட், பெரிய காரின் பேஸ். நான்கு பேர் நகர ஓட்டத்துக்கு முதலாவது, ஐந்து பேர் நெடுஞ்சாலைக்கு இரண்டாவது பெரும்பாலும் வெல்லும். பெரிய காரின் பேஸ் வேரியன்ட் வெல்வது அபூர்வம். ஐந்தாம் படியில் சொன்ன, பிறகு சேர்க்க முடியாத வசதிகளின் பத்தியில் ஓட்டை விழுந்திருக்கும்.

எட்டாம் படி: டெஸ்ட் டிரைவும் டெலிவரியும்

ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டுவது டெஸ்ட் டிரைவ் இல்லை. குடும்பத்தோடு ஏறி, ஏசியை இரண்டில் வைத்து, உங்கள் வீட்டுச் சந்துக்கே ஓட்டிப்போங்கள். ஸ்விஃப்ட் திரும்பும் ஆரம் 4.8 மீட்டர், எர்டிகா 5.2, சந்து முனையில் ஒரே வெட்டில் திரும்புகிறதா என்பதில் அந்த வித்தியாசம் தெரியும். ஐந்து பேரோடு தெருவின் பெரிய ஸ்பீடு பிரேக்கரை மெதுவாக ஏறி, அடிவயிறு உரசுகிறதா என்று காதுகொடுங்கள். பார்க்கிங் சரிவில் பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள்.

பதிவுக்கு அனுப்பும் முன்பே வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கேளுங்கள்; நம்பர் விழுந்த பிறகு மாற்றித் தர மாட்டார்கள். சேஸிஸ் எண்ணை வைத்துத் தயாரித்த மாதம், வருடத்தை எழுத்தில் வாங்குங்கள். டிசம்பர் தள்ளுபடி என்று ஜனவரியில் தரும் வண்டிக்கு ஆர்.சி.யில் தயாரித்த வருடமாக முந்தைய வருடமே ஏறும். விற்கும்போது விலை அதை வைத்துத்தான் பேசப்படும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஐந்தும், அதாவது ஸ்டெப்னியும் சேர்த்து, வண்டி தயாரித்த தேதிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பானட் திருகுகளில் பெயின்ட் உரிந்திருந்தால், கதவு இடுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இல்லாவிட்டால், ஓடிய தூரம் நூறைத் தாண்டியிருந்தால் கையெழுத்துப் போடாமல் வேறு வண்டி கேளுங்கள்.